உலக முடிவுக்கு வெள்ளன, நட்சத்திரத்துக்கு நெடுந்தீவு

கேள்வி சுருக்கமாக இது: யாழ்ப்பாணத்தில் இருந்து பத்துப்பேர். அதில் எழுபது வயது அம்மா ஒருவர், நாலு பிள்ளைகள், லண்டனில் இருந்து வந்து நிற்கிற சித்தப்பா குடும்பம். ஏப்ரல் லீவில் வான் பிடித்து மலையகத்தின் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் உலக முடிவு என்கிற மலைவிளிம்பைப் பார்க்கவேண்டும். உயரமான இடம்தானே, இரவில் அங்கேயே நட்சத்திரமும் பார்க்கலாமா? இல்லாவிட்டால் கொடைக்கானல் வான்நோக்கு நிலையத்துக்கே போய்விடலாமா?

மூன்றுக்கும் பதில் சொல்வது காற்றில் உள்ள ஈரம்தான். அதை விளங்கிக்கொண்டால் எத்தனை மணிக்கு எழும்புவது, எந்த மாதம் போவது, தொலைநோக்கியை எங்கே வைப்பது எல்லாம் தானாகவே பிடிபடும்.

உலக முடிவு என்பது ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக விழுகிற மலைமுகம். அது தெற்குப் பக்கம் பார்த்து நிற்கிறது. கீழே பலாங்கொடைப் பக்கத்துத் தாழ்நிலம் விடிந்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சூடேறிவிடும். சூடான காற்று மலைச்சுவரைப் பிடித்து மேலே ஏறும். ஏறுகிற காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை குளிரும். விளிம்புக்கு வந்து சேர எட்டரைப் பாகை குறைந்திருக்கும். அதில் இருந்த ஈரம் அங்கேயே புகாராக மாறி விளிம்பைத் தாண்டி வழியும். பெரும்பாலான நாட்களில் இது காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நடக்கிறது. பத்தரைக்குப் போய் நிற்பவர் வெள்ளைத் துணி கட்டிய சுவர் ஒன்றைப் பார்த்துவிட்டு, "உலக முடிவில் ஒன்றும் இல்லை" என்று சொல்லித் திரும்புவார். ஆறரைக்கு நடக்கத் தொடங்கியவருக்கு ஊவாப் பக்கத்து மலைமடிப்புகளும் உடவளவை நீர்த்தேக்கத்தின் மினுக்கமும் தெரியும். மிகத் தெளிந்த நாளில் தென்கடலும் ஒரு கோடாகத் தெரியும்.

மாதக் கணக்கும் இதேதான். தென்மேற்கில் இருந்து சோளகம் வீசுகிற மே முதல் செப்டெம்பர் வரை அந்த மேட்டில் காற்றும் தூறலும் ஓயாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். வாடை அடங்கி, அடுத்த மழை தொடங்காத இடைவெளி ஜனவரிக் கடைசியில் இருந்து மார்ச் வரை. போகத் தோதான காலம் அதுதான். இரவில் புல்லில் உறைபனி பிடிப்பதும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையில்தான். விடியலில் நிலம் உப்புத் தூவினதுபோல வெளுத்துக் கிடக்கும். ஏப்ரல்தான் முடியும் என்றால் போகலாம், காலை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு இடிமுழக்கம் வரும். ஒதுங்க இடமில்லாத வெளிப்புல்வெளியில் மின்னலுக்கு அகப்படக்கூடாது. பன்னிரண்டு மணிக்கு முன் நடை முடிந்திருக்கவேண்டும். சித்திரை வருசத்தை ஒட்டிய வாரத்தில் நுவரெலியாவில் அறை வாடகையும் வாகன நெரிசலும் தாங்காது. அந்த வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

பயணத்தைப் பற்றி ஒரு கண்டிப்பு. யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டி ஏ9 வழியே 321 கிலோமீற்றர். அங்கிருந்து றம்பொடை வழியே நுவரெலியா இன்னும் ஏறத்தாழ 75. இரவு முழுக்க ஓடி விடியக்காலை நேரே பூங்கா வாசலில் இறங்குவது என்று பலர் திட்டம் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரவு நித்திரை இல்லாத சாரதி, கொண்டை ஊசி வளைவுகளை இருட்டிலும் புகாரிலும் எடுக்கவேண்டி வரும். முதல்நாள் பகலில் ஓடி நுவரெலியாவில் தங்குங்கள். அங்கிருந்து பூங்கா 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. பட்டிப்பொல வழியே விடிய நாலேமுக்காலுக்குப் புறப்பட்டால் ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நிற்கலாம். வளைவுகளில் பிள்ளைகள் சத்தி எடுப்பதைத் தடுக்கிற குளிசையை ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே கொடுக்கவேண்டும். சத்தி வந்தபிறகு கொடுத்தால் குளிசையும் வெளியே வரும்.

திரும்பி இறங்கும்போதுதான் வாகனம் காலை வாரும். தட்டைத் தரையில் பழகிய சாரதி, நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருவார். பிரேக் சூடேறி எரிந்த மணம் வரும். பிறகு மிதி பஞ்சுபோல உள்ளே போகும். பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழி விடுவதுதான் காரணம். புறப்படுமுன் எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இரண்டு வருசம் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டு ஏறுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலையகச் சாரதிகளின் கணக்கு. ஓட்டோ கியர் வாகனமென்றால் 'எல்' அல்லது '2'இல் போடவேண்டும். மணம் வந்தால் ஓரங்கட்டி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றவேண்டாம்.

ரயிலில் போக விரும்பினால் பட்டிப்பொல அல்லது ஒஹியவில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம், 1,891 மீற்றர். ஆனால் பகல் ரயில்கள் விடியல் நடைக்குச் சரிவராது. மண்சரிவால் பாதை அடைபடுவதும் வழமை. முதல்நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் இரண்டு விசயம். இலங்கையருக்குக் கட்டணம் சிறிது, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பல மடங்கு. சித்தப்பாவிடம் இலங்கை அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்து வரட்டும். இல்லாவிட்டால் அந்தக் காசையும் கணக்கில் சேர்த்தே திட்டமிடுங்கள். அடுத்தது பொலித்தீன். பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறை, சொப்பிங் பை, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய மெல்லிய லேபல் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிடுவார்கள். உணவு மணத்துக்காகப் பொலித்தீனைத் தின்னும் மரை மான்களை நினைத்தால் இந்தக் கெடுபிடி நியாயமானதே. புட்டையோ இடியப்பத்தையோ வாழையிலையில் கட்டி எவர்சில்வர் பெட்டியில் வைத்துக்கொண்டு போனால் வாசலில் பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடம் புகாருக்கு முன்னால் பெரிய காரியம்.

சமவெளி 2,100 மீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் 28 பாகை என்றால் அங்கே ஏறத்தாழ 14. விடியலில் இன்னும் கீழே. தடித்த ஒரு கம்பளியைவிட மெல்லிய மூன்று உடுப்பு மேல், நடக்க நடக்கக் கழற்றலாம். மேலே காற்றுப் புகாத மழைச்சட்டை ஒன்று வேண்டும். ஈரப் பருத்திச் சேலையும் காற்றும் சேர்ந்தால் வயதானவருக்கு நடுக்கம் பிடிக்கும். செருப்பு வேண்டாம், அடியில் வெட்டுள்ள சப்பாத்துப் போடுங்கள். பாதையில் உருண்டைக் கற்களும் வழுக்குகிற களிமண்ணும் உண்டு. காற்றமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நாலு பங்குதான் என்பதால் இழுப்பு உள்ளவர்கள் பம்பைக் கைக்குள் வைத்திருக்கவேண்டும். தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். தேத்தண்ணி சாயம் குறைவாக இருப்பதற்குக் கடைக்காரரை ஏசவேண்டாம்.

நடைபாதை ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர் வட்டம், பிள்ளைகளோடு நாலு மணித்தியாலம். வாகனம் நிறுத்துகிற இடமான ஃபார் இன்னில் தொடங்கி, பிரியுமிடத்தில் சின்ன உலக முடிவு இருக்கிற பக்கம் முதலில் திரும்புங்கள். பிறகு பெரிய உலக முடிவு. கடைசியாகப் பேக்கர் நீர்வீழ்ச்சி. அருவிக்குப் புகார் ஒரு பொருட்டில்லை, உலக முடிவுக்கு அதுவே எல்லாம். மறுபக்கமாகச் சுற்றுபவர்கள் அருவியில் படம் எடுத்து முடிப்பதற்குள் பள்ளத்தாக்கு மூடிவிடுகிறது. இறங்குமுன் ஃபார் இன்னிலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், பாதையில் கிடையாது. விளிம்பில் முதுகைப் பள்ளத்துக்குக் காட்டிப் படம் எடுக்கவேண்டாம், பின்காலை வைக்கிற இடம் தெரியாது.

அம்மாவுக்கு முழு வட்டமும் வேண்டாம். பேக்கர் அருவிக்கு இறங்கும் படிகள் முழங்காலைப் பதம் பார்க்கும். ஃபார் இன்னைச் சுற்றியுள்ள தட்டைப் புல்வெளியிலேயே மரை நிற்கும். அல்லது அவரை நுவரெலியாவில் விட்டு, பத்து மணிபோல ஹக்கல பூங்காவிலும் சீத்தா எலிய கோயிலிலும் சேர்ந்துகொள்ளலாம். ஹக்கல 1861இல் மலேரியாக் காய்ச்சல் மருந்துக்கான சின்கோனா வளர்க்கத் தொடங்கிய தோட்டம்; இன்று ரோசாவும் பன்னமும்தான் பெயர் வாங்கிக் கொடுக்கின்றன.

இனி என்ன பார்ப்பது. பெரும்பாலானோர் விளிம்பை மட்டும் நினைத்து ஓடுகிறார்கள். அந்த வழியில் உள்ள காடு இலங்கையில் வேறெங்கும் இலேசில் காணமுடியாதது. மரங்கள் குட்டை, உச்சி குடைபோலத் தட்டை. காற்று சீவிச் சீவி அப்படி ஆக்கிவிட்டது. கிளையெங்கும் பாசியும் தாடிபோல நரைத்த லைக்கனும் (பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழ்வது) தொங்கும். புகாரில் இருந்து அவை தண்ணீரை வடித்துச் சொட்டுச் சொட்டாக நிலத்துக்குக் கொடுக்கின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டில் நீர்ப்பிடி இருக்கிறது.

காட்டுத் துண்டுக்குள் நுழைந்ததும் நடையை அரைவாசியாகக் குறைத்து, அடிமரங்களை நெஞ்சு உயரத்தில் இருந்து கண்மட்டம் வரை பாருங்கள். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று பாசியோடு பாசியாக ஒட்டியிருக்கும். ஆணுக்குக் கொம்பு பெரிது. இலங்கைக்கு மட்டும் உரியது. வெயில் மரத்தில் பட்ட பிறகுதான் அசையும். அதுவரை குளிரில் விறைத்திருப்பதால் முகத்துக்குக் கிட்டப் போனாலும் ஓடாது. அதைச் சாட்டாக வைத்துப் பிடிக்கக்கூடாது. மிரண்டால் வாயைத் திறக்கும், உள்ளே செம்மஞ்சள். அதே மரங்களில் வாலால் கொப்பைச் சுற்றிப் பிடிக்கிற இன்னொரு குட்டி ஓணானும் உண்டு. அது முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும். குளிர்மண்ணில் முட்டை பொரிய நாட்செல்லும். வயிற்றுக்குள் வைத்து வெயில் காய்ந்தால் அந்தக் கவலை இல்லை.

மந்திகள் இங்கே அடர்ந்த ரோமத்தோடு கரடிக்குட்டிபோல இருக்கும். சிறுத்தை இருக்கிறது, காண்பது அதிர்ஷ்டம். பாதையில் ரோமம் கலந்த எச்சத்தைக் காண வாய்ப்புக் கூட. யானை 1940களோடு இங்கே இல்லாமல் போயிற்று. அதற்கு முன்னர் வெள்ளைக்காரர் வேட்டையாடித் தீர்த்த கணக்குப் பெரியது; அருவிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் பேக்கரும் அப்படியொரு வேட்டைக்காரர்தான்.

இவ்வளவு உயரத்தில் தேயிலை ஏன் ஏறவில்லை என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டவேண்டாம், ஆறுகள் வற்றிவிடும் என்று அரசுக்குச் சொன்னார், அரசு கேட்டது. நமது அதிர்ஷ்டம். இருந்தும் புல்வெளியில் ஒருகாலத்தில் உருளைக்கிழங்கு போட்டார்கள். ஐரோப்பாவில் இருந்து வந்த மஞ்சள்பூ முட்செடி ஒன்று இன்றும் பரவுகிறது. சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாகவும் 2010இல் உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் ஆனது. காட்டோரத்தில் சிங்களத்தில் நெலு எனப்படும் செடியைப் பாருங்கள். நம் சங்கப்பாட்டுக் குறிஞ்சியின் கூடப்பிறந்தது. சில இனங்கள் பன்னிரண்டு வருசம் காத்திருந்து ஒரேயடியாகப் பூத்து, விதை கொட்டிச் செத்துப்போகும். அந்த வருசம் காட்டுக்கோழிகளுக்குக் கொண்டாட்டம். கொடைக்கானலின் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

நட்சத்திரத்துக்கு வருவோம். ஹோர்ட்டனில் பொழுதுபட்ட பிறகு நிற்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் விடுதியோ முகாமிடமோ முற்பதிவு செய்திருந்தால்தான் இரவு தங்கலாம். தங்கினாலும், பெப்ரவரியின் சில இரவுகள் தவிர, நம்பிப் போகமுடியாது. வானம் துடைத்தாற்போல இருந்தாலும் பனி கண்ணாடியில் பிடித்துவிடும்: பத்து நிமிடத்தில் பைனாகுலர் மங்கும், துடைத்தால் கோடு விழும். வெளியே குளிர்ந்த பைனாகுலரைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் உள்ளேயும் வியர்க்கும். வெளியிலேயே பைக்குள் இறுக மூடி, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறக்கவேண்டும். உயரம் நட்சத்திரத்துக்கு நல்லது என்பது வறண்ட மலைகளுக்குச் சரி. ஈர மலைக்குச் சரிவராது.

கொடைக்கானலில் நடந்ததே இதற்குச் சாட்சி. 1876-77 பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பிருக்குமா என்ற கேள்வியும் சேர்ந்துதான் 1899இல் 2,343 மீற்றர் உயரத்தில் அந்த நிலையம் பிறந்தது. அது சூரியனைப் பார்க்கிற இடம். விடிந்து தரை சூடேறுமுன் காற்று அசையாமல் இருக்கும் அந்தச் சில மணித்தியாலம்தான் அதன் செல்வம். உலக முடிவின் கணக்கேதான். 1909இல் ஜோன் எவர்ஷெட், சூரியப் புள்ளியில் வாயு நடுவில் இருந்து வெளிப்பக்கம் பாய்கிறது என்று அங்கே கண்டார். நூறு வருசத்துக்கு மேலான சூரியப் படங்கள் அங்கே சேர்ந்து கிடக்கின்றன. இரவில் ஆராய்வதற்கோ, கொடைக்கானலை விட்டு ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போனார்கள். உயரம் 725 மீற்றர் மட்டும், ஆனால் மேகம் குறைவு. 1977 மார்ச்சில் யுரேனசின் வளையங்கள் பிடிபட்ட அவதானிப்பில் காவலூருக்கும் பங்குண்டு, 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986இல் அங்கே வந்தது. ஆக, இரவு நட்சத்திரத்தை நம்பிக் கொடைக்கானலுக்குப் போனால் மேகம் ஏமாற்றிவிடக்கூடும்.

பகலில் போகிறவர் பார்க்கவேண்டியது அதன் சுரங்கத் தொலைநோக்கியின் கதை. 11 மீற்றர் கோபுரத்துக் கண்ணாடி வெயிலைக் கீழே இறக்கி, 60 மீற்றர் சுரங்கத்துக்குள் திருப்புகிறது. வில்லை விழுத்துகிற சூரிய பிம்பம் 34 சென்ரிமீற்றர் அகலம். ஏன் இவ்வளவு நீளம் என்பதை வீட்டிலேயே காட்டலாம். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கடதாசியால் மூடி, நடுவில் அரைச் சென்ரிமீற்றர் துளை வெட்டுங்கள். வெயிலில் வைத்து, 10 மீற்றர் தள்ளி இருட்டான அறைச்சுவரில் தெறிக்க விடுங்கள். வட்டம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் வரும். கண்ணாடியை 5 மீற்றருக்குக் கொண்டுவந்தால் அரைவாசி. சூரியனின் விட்டத்தைப்போல ஏறத்தாழ 107 மடங்கு தூரத்தில் நாம் இருப்பதால் இந்த விகிதம் மாறாது. துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், ஓரம் மங்கும். இந்தச் சோதனையில் எல்லாரும் விடுகிற பிழை அதுதான். 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் யாழ்ப்பாணத்தில் கங்கண கிரகணம் தெரிந்தபோது இந்தக் கண்ணாடி ஒன்றே போதுமாயிருந்தது. கண்ணாடியைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காமலும் பைனாகுலரால் சூரியனைப் பார்க்காமலும் ஒரு பெரியவர் காவல் நிற்கவேண்டும்.

கொடைக்கானல் போவதே முடிவென்றால் இந்திய விசாவோடு இன்னொன்றும் வேண்டும்: 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். வாடகைக் கார்க்காரரிடம் முதலே எடுக்கச் சொல்லுங்கள்.

நட்சத்திரத்துக்கு உங்கள் காசை மிச்சம் பிடிக்கிற வழி வடக்கிலேயே இருக்கிறது. ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் வரை குடாநாட்டின் இரவு வறண்டது, தரை தட்டை, அடிவானம் கடலில். காரைநகரின் கசூரினா வடக்குப் பார்த்த கரை. துருவ நட்சத்திரம் கடலுக்கு மேல் ஒன்பதரைப் பாகையில் நிற்கும், கையை நீட்டிப் பிடித்த ஒரு முஷ்டி அளவு. தெற்கு வானத்துக்கு நெடுந்தீவின் தென்கரை. பெப்ரவரி நடுவில் இரவு ஒன்பதுக்கு அகத்திய நட்சத்திரம் ஏறத்தாழ 28 பாகை உயரத்தில். ஏப்ரல் நடுவில் பதினொரு மணிக்கு, மே நடுவில் ஒன்பதுக்குத் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும், இரண்டு முஷ்டி உயரம். அதற்கு மேலே இடப்பக்கம் புகைபிடித்த நட்சத்திரம்போல ஒன்று தெரியும். 10×50 பைனாகுலரில் அது ஒமேகா சென்டோரி என்ற நட்சத்திரக் கொத்து. லண்டன் பிள்ளைகள் ஊரில் இவை எதையும் ஒருநாளும் காணமாட்டார்கள், அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் ஐந்து முஷ்டி உயரம். இரண்டு இடத்துக்கும் முஷ்டியை எண்ணவிட்டால் பூமி உருண்டை என்பதைத் தாங்களே அளந்துகொள்வார்கள்.

அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாளுக்குள் நாள் குறியுங்கள். குறிகட்டுவானில் இருந்து படகு ஒரு மணித்தியாலம். இரவில் திரும்பப் படகு இல்லை, ஆகவே தங்குமிடத்தை முதலே பேசவேண்டும். ரோச்சுக்குச் சிவப்புக் கடதாசி ஒட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால் இருட்டுக்குப் பழக மறுபடி இருபது நிமிடம் போகும். கைத்தொலைபேசிகளை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.